டாக்டர் தியோடோசியாவுக்குக் கொடுத்த முகம்

பள்ளிக்கூடச் சுவரில் டாக்டர் தியோடோசியாவின் படத்தை மாட்டிய நாளிலிருந்து, பியூட்டி பார்லர் நடத்தும் வெர்லீனால் எங்கள் ஊர்ப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. பேருந்து பாலத்தின் நடுவே வரும்போது அவளுடைய இருக்கை காலியாகிவிடும். அதே நேரம் அவள் படத்தின் முன்னால் கைப்பையோடு நின்றுகொண்டிருப்பாள். பயணச்சீட்டுக் காசைப் பேருந்துக்காரர்கள் ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை.

மிசிசிப்பியில் எங்கள் பாடப்புத்தகம் கறுப்பர்களின் சரித்திரத்தை இரண்டு பக்கத்தில் முடித்துவிடும். அதிலும் பெண்கள் கிடையாது. ஒசெல்லா டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. முதல் வக்கீல், முதல் விமானி என்று முன்னால் போன பெண்களைத் தானே வரைந்து மாட்டி, அந்தப் படங்களை வைத்தே பாடம் நடத்தினார். எங்கள் மாவட்டத்தின் முதல் கறுப்பு டாக்டரம்மா தியோடோசியாவுக்கு மட்டும் புகைப்படமே இல்லை. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குக் கறுப்பர்கள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்றார்களாம். அவர் போகவே இல்லை. எனவே டீச்சர் வெர்லீனை உட்காரவைத்து அவள் முகத்தை வரைந்தார். வெர்லீனுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சிகாகோவில் அவள் மகள் ரொனெட்டா மாசமாக, படுக்கையை விட்டு எழக்கூடாத நிலையில் இருந்தாள். முதல் பிரசவத்தில் வலிக்கிறது, வலிக்கிறது என்று அவள் கத்தியதை ஆஸ்பத்திரியில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, குழந்தை தங்கவில்லை. இந்த முறை பக்கத்தில் நின்று சண்டை போட ஓர் ஆள் வேண்டுமே என்று வெர்லீன் தவித்தாள். காரில் போனாள், படகில் போனாள், ஞானஸ்நானம் கொடுக்கும் ஆற்றில் நீந்தியும் பார்த்தாள். ஈரத்துணியோடு வகுப்பில் வந்து நின்றவளைப் பார்த்துப் பிள்ளைகள் எழுந்து, "குட் மார்னிங், டாக்டர்!" என்றார்கள்.

"என்னைய இப்படிக் கூண்டுல அடைச்சிட்டியே, ஒசெல்லா!"

"அழிச்சிடுறேன்க்கா. உங்க பொண்ணைவிடப் படமா பெருசு?" என்று டீச்சர் டர்பன்டைனில் நனைத்த துணியை நீட்டினார்.

வெர்லீன் துணியை வாங்கிப் படத்தின் கன்னத்தருகே கொண்டுபோனாள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே பாடத்தை ஒப்பித்தாள்: "டாக்டரம்மா எங்க வலிக்குதுன்னு ஒருதரம் கேப்பாங்க. பதில் வந்ததும் இன்னொருதரம் கேப்பாங்க."

வெர்லீனின் கை இறங்கியது. "அப்ப நீங்களே போயிட்டு வாங்கம்மா," என்றாள் படத்திடம். "என் மூஞ்சிதான் உங்ககிட்ட இருக்குல்ல."

மறுநாள் காலை படத்தின் சட்டத்துக்குள் டாக்டரம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் இருந்தது. டீச்சர் அன்று விமானியைப் பற்றிப் பாடம் எடுத்தார். சாயங்காலம் ரொனெட்டா போன் செய்தாள்.

"பொண்ணும்மா! நீ மட்டும் வரலைன்னா நான் போய்ச் சேந்திருப்பேன். நீ போட்ட சத்தத்துல பெரிய டாக்டரே ஓடி வந்தாரு. ஆனா ஏம்மா ஒருதரம்கூடச் சிரிக்கல? சொல்லாம கொள்ளாம வேற கிளம்பிட்ட?"

"பார்லர்ல ஆள் காத்திருந்தாங்கடி," என்றாள் வெர்லீன். பேத்தி யார் ஜாடை என்று அவள் கேட்கவில்லை. மகளின் கணக்கில் நேரில் பார்த்தவள் கேட்க முடியாதல்லவா! போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

டாக்டரம்மா மறுநாளே நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். அவருடைய கறுப்புக் கோட்டின் இடது தோளில், டீச்சர் வரையாத ஒரு வெள்ளைக் கறை இருந்தது. கோடையில் குழந்தையோடு வருவதாக ரொனெட்டா சொல்லியிருக்கிறாள். வெர்லீன் இப்போது பாலத்தின் பக்கமே போவதில்லை. தினமும் பார்லரைத் திறப்பதற்கு முன்னால் வகுப்புக்கு வந்து, பெஞ்சின் மேல் ஏறி, அந்தத் தோளில் பால் வாசனையை முகர்ந்துவிட்டுப் போகிறாள். அவள் இறங்கும்வரை பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவைக்கிறார்கள்.