கையெழுத்தின் மேல் ஒரு பொட்டு

வீரமலையை யாரும் நேருக்கு நேர் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "ஜெர்மன்காரன் சாமானை அச்சு அசலா அடிச்சிட்டியேப்பா, கெட்டிக்காரன்!" என்று முதுகில் தட்டினார்கள். பாராட்டாம்! இந்தப் பாராட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

நடந்தது இதுதான். திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் கல்லை அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டி, சுற்றுகிற சாணையில் தேய்ப்பார்கள். கை ஒரு நூல் சாய்ந்தால் போதும், பட்டை கோணிவிடும். வரகனேரியில் சின்னதாகப் பட்டறை வைத்திருந்த வீரமலை, அந்தக் குச்சியைக் கவ்விப் பிடித்து, பல்சக்கரத்தால் சாய்வை நிறுத்திவைக்கிற ஒரு பித்தளைப் பிடியைச் செய்தான். நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம் கல் விற்க வந்த ஒரு ஜெர்மன் கம்பெனி ஏஜெண்ட் அதைப் பார்த்து வாயைப் பிளந்தான். கம்பெனிக்குக் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று ஒன்றை வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தான். போனவன் போனவன்தான்.

மூன்று வருஷம் கழித்து, ஆடி மாசத்தில் அந்தக் கம்பெனியின் சாமான் பட்டியல் புத்தகம் கல் கடைகளுக்கு வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் அவனுடைய பிடி, நிக்கல் முலாம் பூசிக்கொண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டைக்கு ஒரு வேலையும் கிடையாது. வீரமலை தப்பாகத் துளை போட்டுவிட்டு, பித்தளை வீணாகிவிடுமே என்று அப்படியே விட்டது. படுபாவிகள் அதைக்கூட விட்டுவைக்கவில்லை!

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சகாயநாதனிடம் ஓடினான். மெயின்கார்டு கேட் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர். ஊருக்கெல்லாம் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார்.

"பேட்டன்ட்டுக்குப் போட்டிருக்கானுங்க, வீரமலை. பதிஞ்சிட்டா, இது அவனுங்க கண்டுபிடிச்சதுன்னு அந்த ஊர் சர்க்காரே எழுதிக் குடுத்த மாதிரி. அப்புறம் நீங்க தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது."

"நிறுத்த முடியாதா சார்?"

"அந்த ஊர் வக்கீல் ஒருத்தர் ஆட்சேபணை போடணும். பேட்டன்ட் வழக்கும் தெரிஞ்சிருக்கணும், நாம எழுதற இங்கிலீஷும் புரியணும். ரெண்டும் தெரிஞ்ச ஆளுக்கு நாம எங்கே போறது?"

போகத்தான் போனார்கள். மெட்ராஸில் இருந்த ஜெர்மன் சர்க்கார் ஆபீசுக்கு எழுதியதில் ஏழு வக்கீல்களின் விலாசம் வந்தது. ஏழு பேருக்கும் சகாயநாதன் கடிதம் அடித்தார். ஏர் மெயில் தபால்தலையை ஒட்டும்போதெல்லாம் வீரமலை அதன் விலையைக் கூட்டிப் பார்ப்பான். மூன்று பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் பக்கம் பக்கமாக ஜெர்மனில் எழுதியிருந்தார்கள். காலேஜில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இருக்கிறாரே என்று அதைத் தூக்கிக்கொண்டு போனால், அவர் பிரெஞ்சுக்காரர். வணக்கம் என்பதற்கு மேல் அவருக்கும் ஜெர்மன் தெரியாது. ஆறாவது ஆள் இங்கிலீஷில்தான் எழுதியிருந்தார், தான் சொத்து வழக்குதான் பார்ப்பது என்று. பட்டறையில் ஆர்டர் நின்றுபோயிற்று. காப்பி சாமானை வாங்குவானேன், அசலையே வரவழைத்துக்கொள்ளலாமே என்றார்கள் கல் கடைக்காரர்கள். அவனுடைய பிடியைத்தான் காப்பி என்றார்கள்!

புரட்டாசி பாதியில் ஏழாவது கடிதம் வந்தது. அனுப்பியவர் டாக்டர் ப்ரூனர். படிக்கப் படிக்கச் சகாயநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல இங்கிலீஷ். பேட்டன்ட் வழக்கு மட்டுமே பார்ப்பவர். ஏஜெண்ட் கொடுத்த கடிதத்தின் நகலைப் பார்த்தாராம்; அந்த வேண்டாத ஓட்டை ஒன்றே போதும், ஜெயிக்கலாம் என்று எழுதியிருந்தார். ஆனால் அக்டோபர் பதினாலு கடைசி நாள். அதற்குள், கூடவே அனுப்பியிருந்த வக்காலத்துக் காகிதம் வீரமலையின் கையெழுத்தோடும் நோட்டரி முத்திரையோடும் தன் கைக்கு வந்தாக வேண்டும்.

வீரமலை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். "கிடைச்சிட்டாரு சார்! நம்ம ஆளு கிடைச்சிட்டாரு!"

சகாயநாதனுக்குத் தெரிந்த நோட்டரி வக்கீல் ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்தர வீதியில் இருந்தார். மறுநாள் காலையிலேயே வீரமலை தன் மனைவி அமிர்தத்தோடு பஸ் ஏறிப் போனான். இங்கிலீஷில் கையெழுத்துப் போட ராத்திரி முழுக்கப் பழகியிருந்தான். போட்டான். நோட்டரி அதை ஒட்டினாற்போலத் தன் முத்திரையைக் குத்தினார்.

"நேரா தபாலாபீசுக்குப் போயிடலாம்," என்றான் வீரமலை.

"நல்லாருக்கே நீங்க சொல்றது! இவ்வளவு தூரம் வந்துட்டு தாயாரைப் பாக்காமயா?" என்றாள் அமிர்தம். அவள் திருவெள்ளறைக்காரி. பெருமாள் கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். அவள் கழுத்தில் இருந்ததை விற்றுத்தான் நாலு வருஷம் பித்தளை வாங்கியிருந்தான். அவள் பின்னாலேயே கோயிலுக்கு நடந்தான்.

தாயார் சன்னதியில் பிரசாதமாகக் கொடுத்த மஞ்சளைக் குழைத்து, நல்ல காகிதத்துக்குச் செய்கிற மாதிரி நாலு மூலையிலும் தடவினாள். குங்குமத்தை எடுத்து, அவன் கையெழுத்தின் மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். வீரமலை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தடுக்கவில்லை. அவனும் கண்ணை மூடி, "தாயே, என் பேரைக் காப்பாத்து," என்று கும்பிட்டான். ஈரம் காய்வதற்குள் மடித்து, உறைக்குள் போட்டு, ஸ்ரீரங்கம் தபாலாபீசிலேயே ரிஜிஸ்தர் பண்ணினார்கள். சகாயநாதன் பார்த்திருந்தால் தடுத்திருப்பாரோ என்னவோ.

ஐப்பசி மழையோடு பதில் வந்தது. உறைக்குள் அவனுடைய வக்காலத்தும் திரும்பி வந்திருந்தது. மடிப்பில் குங்குமம் ஊறி, கையெழுத்தின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி சிவப்பாக இழுத்திருந்தது. முத்திரை மஞ்சளுக்குள் மூழ்கிப் போயிருந்தது.

சகாயநாதன் மெதுவாகப் படித்துச் சொன்னார். "பன்னெண்டாம் தேதி கைக்கு வந்திருக்கு. அன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்திருக்காரு. கையெழுத்து மேல சிவப்பு அடிச்சிருக்கு, அப்ப இது ரத்தான காகிதம்னு சொல்லி, பதினாலாம் தேதி சாயங்காலம் பேட்டன்ட் ஆபீஸ்ல திருப்பிட்டாங்களாம். வேற காகிதம் வாங்க நேரமில்லே. மனசு மாறி நீங்களே அடிச்சிட்டீங்களான்னு கேக்கறாரு." நிமிர்ந்து பார்த்தார். "இது என்ன வீரமலை? யாரு பண்ணினது?"

"நான்தான் சார்," என்றான் வீரமலை.

சகாயநாதன் காகிதத்தை மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தார். மழையில் நனைந்துகொண்டே பாலக்கரை வழியாக நடந்தான். ஒரு கல் கடை வாசலில் ஒதுங்கியவனை, "என்ன ஜெர்மன்காரரே, நனையறீங்க?" என்று யாரோ கூப்பிட்டுச் சிரித்தார்கள். இனி சாகிறவரைக்கும் அதுதான் பேர் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அமிர்தம் துண்டோடு வாசலுக்கு ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"ஆகலியா?"

"தபால் லேட்டாப் போச்சாம். கெடு முடிஞ்சிடுச்சாம்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதாங்க. அன்னைக்கு அவசரத்துல தாயாரை நினைச்சுக் காகிதத்துல ஒரே ஒரு பொட்டுதான் வச்சேன். இன்னும் கொஞ்சம் தாராளமா வச்சிருக்கணும்."

வீரமலை சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டான். அடுப்பில் வெந்நீர் காய்கிறதா என்று கேட்டான்.