சாட்சி சொன்ன பிறகு

என் மகன் ஜெஸ்பினுக்கு நாலு வயது. ஆட்டிசம். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுப்பான். எனக்குப் புரியாவிட்டால் சுவரில் தலையை மோதுவான். கருங்கல் ஊரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆதிரா டீச்சர்தான் அவனுக்குப் பட அட்டைகளைப் பழக்கினார். தண்ணீர் படத்தை என் கையில் வைத்தால் உடனே தண்ணீர். தானாகவே அட்டையை எடுத்து வந்து அவன் நீட்டிய அன்று, அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை என்னிடம் ஒன்று கேட்டுவிட்டானே!

பிறகு, காதில் விழுந்த சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லவும் தொடங்கினான். "அர்த்தம் தெரிஞ்சு சொல்லல்ல. ஆனா நல்ல தொடக்கமாக்கும், இப்ப விட்டிராதீங்க" என்றார் டீச்சர்.

அப்போதுதான் குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஷாஜன் லீவில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் மைக்கில் "ஸ்தோத்திரம்" என்றார். ஜெஸ்பினும் உரக்க "ஸ்தோத்திரம்" என்றான். அவ்வளவுதான். ஷாஜன் ஓடிப்போய் மைக்கைப் பிடித்து, "எனக்க பிள்ளைக்க வாயை ஆண்டவர் தொறந்தாரு" என்று சாட்சி சொன்னார். சபையே அழுதது. சாயங்காலத்துக்குள் அதன் வீடியோ ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது.

எனக்கும் ஆண்டவர்மேல் விசுவாசம் உண்டு. அவர் செய்யாததை அவர் தலையில் கட்டத்தான் மனசு வரவில்லை.

மறுநாள் வகுப்புக்குக் கிளம்பினேன். ஷாஜன் வாசலில் மறித்தார்.

"ஏட்டி, சுகமாச்சுண்ணு சபையில சொல்லியாச்சு. இனி அங்க கொண்டுபோனா ஆளுவ என்னை என்ன நெனைக்கும்?"

"உங்க மானத்துக்காக அவன் வாயடைச்சுக் கெடக்கணுமா?"

அட்டைகளைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளை மறுபடியும் சுவரில் மோதினான். வீங்கிய நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அவர் கெட்ட மனிதரல்ல. அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

அடுத்த வாரம் அஞ்சுகிராமத்திலிருந்து ஜெபகுமாரி என்றொரு பெண் எங்கள் வீடு தேடி வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, அதற்கும் பேச்சில்லை. வீடியோவைப் பார்த்திருக்கிறாள்.

"இவளுக்க பேச்சு வகுப்பை நிறுத்தியாச்சு அக்கா. இப்ப உபவாச ஜெபம் மட்டுந்தான்."

ஷாஜனுக்கு வாயெல்லாம் பல். சாயாவும் பிஸ்கட்டும் கொண்டுவரச் சொன்னார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே சொன்னேன்.

"இவனுக்குச் சுகமாகல்ல. கேட்டதைத் திருப்பிச் சொல்லுகான், அவ்வளவுதான். பிள்ளையை மறுபடியும் வகுப்புக்குக் கொண்டுபோ, மக்கா."

அவள் என்னை நம்பாமல் ஜெஸ்பின் பக்கம் குனிந்தாள். "மக்கா, ஒனக்க பேரு என்ன?"

"ஒனக்க பேரு என்ன" என்றான் ஜெஸ்பின்.

"பாத்தியா? பேரைச் சொல்லத் தெரியல்ல" என்றேன். அவள் எங்கே கேட்டாள்! அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

"எவ்வளவு தெளிவா பேசுகான்! ஒங்களுக்குக் கெடச்சது எங்களுக்குக் கெடைக்கப்பிடாதா, அக்கா?"

அவள் குழந்தை பிஸ்கட் தட்டைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தது. தெளிவாகத்தான் கேட்டது. எனக்கே புரிந்தது. ஜெபகுமாரி தட்டைத் தள்ளி வைத்தாள். "அந்த அண்ணனைப்போல வாயத் தொறந்து கேளு, மக்கா."

குழந்தை வீறிட்டது. பொறுக்காமல் ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் கையில் கொடுத்தேன். ஜெபகுமாரி அதைப் பிடுங்கித் தட்டிலேயே போட்டாள்.