இமையோரக் கரி

கதாநாயகன் சுரங்கத்திலிருந்து ஏறி வரும்போது கன்னத்தில் ஒரு தீற்றல் கரி போதும் என்றார் டைரக்டர். நாள் முழுக்கக் கரி வெட்டியவனுக்கு அவ்வளவுதானா அழுக்கு? பேனா கசிந்தால்கூட அதைவிட அதிகம் ஒட்டும். மேக்கப்காரி தலையை மட்டும் ஆட்டினாள். பதினைந்து வருஷம் யார் யார் நெற்றி வியர்வையையோ ஒற்றியெடுத்த பிறகு, டைட்டிலில் அவள் பெயர் வரப்போகும் முதல் படம் இது.

அவள் கல்யாணப் போட்டோவில் அப்பா கண்ணுக்கு மை தீட்டியவர்போல நிற்பார். போட்டோக்காரர்கூடக் கேலி செய்தார். மை எங்கிருந்து வரும்? பதினெட்டு வருஷம் சுரங்கத்தில் கிடந்து இமையோரம் ஊறிய கரி அது. எந்த சோப்புக்கும் போகாமல் கடைசிவரை அவரோடு இருந்தது.

நிஜ நிலக்கரியையே பொடித்து, சலித்து, விளக்கெண்ணெயில் குழைத்துக் கதாநாயகன் முன்னால் உட்கார்ந்தாள். மூக்கு, காது மடல், பிறகு இமையோரம்.

"போயிடுமாக்கா?"

"ரெண்டு நாள்ல போயிடும் தம்பி. எங்கப்பாவுக்குத்தான் போகல."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். "அப்ப நல்லாவே போடுங்க" என்றான்.

அவன் வெளியே வந்ததும் டைரக்டர் முகம் செத்துவிட்டது. படத்துக்குப் பணம் போட்ட அரசுத் துறையின் அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"'இந்த நாட்டோட முகம் நான்'னு வசனம் பேசப்போறாரு. அந்த முகத்துலயே கரியப் பூசிட்டியேம்மா?"

"பூசினது நான் இல்லீங்க, சுரங்கம். தொடைக்க மாட்டேன், அவ்ளோதான்."

"நீ போய்க் கழுவிட்டு வாப்பா" என்றார் டைரக்டர் கதாநாயகனிடம்.

"மூஞ்சியக் கழுவலாம் சார். இமையோரம் இன்னைக்குப் போகாது" என்றாள் அவள்.

கதாநாயகனின் கால்ஷீட் அன்றோடு முடிகிறது. அதைத் தெரிந்துதான் செய்தாள்.

"டைட்டில்ல உன் பேர் வராது" என்றார் அதிகாரி.

அவள் குரல் இறங்கவில்லை. "எங்கப்பா பேரும் எங்கயும் வரலீங்க. எடுங்க."

எடுத்தார்கள். வேறு வழி இல்லை. அவன் ஏறி வந்து அந்த வசனத்தைச் சொன்னபோது, லைட் பிடித்திருந்தவர்கள்கூட அவன் கண்ணையே பார்த்தார்கள்.

பெட்டியைக் கட்டும்போது கண்ணாடியில் பார்த்தாள். எப்போது கண்ணைக் கசக்கினாளோ, அவள் இமையிலும் லேசாகக் கரி ஒட்டியிருந்தது. கையில் பஞ்சு இருந்தது, எண்ணெயும் இருந்தது. இரண்டையும் உள்ளே வைத்துப் பெட்டியை மூடிவிட்டு, அப்படியே பஸ் ஏறினாள்.