இரண்டு டெராபைட்

நிசாந்தன் சுவிசிலிருந்து அனுப்பிய டிஸ்க் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகில் இரண்டு டெராபைட் என்று எழுதியிருந்தது. உள்ளே சுழலும் தட்டு எதுவும் இல்லை, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியலாம் என்று அவன் வட்ஸ்அப்பில் சொல்லியிருந்தான். பவதாரணிக்கு அது தேவைதான். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், சுருவிலில், வீட்டிலிருந்தபடியே கலியாணவீடு, பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றின் வீடியோவையும் வெட்டி ஒட்டிக் கொடுப்பவள் அவள். பழைய டிஸ்க் யாழ்ப்பாண பஸ்ஸின் குலுக்கலிலேயே செத்துப்போயிருந்தது.

"பாவிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ அக்கா" என்றான் நிசாந்தன். அவனுக்கும் அதில் ஒரு தேவை இருந்தது. பவதாரணியின் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவனுடைய தாய் இராசேஸ்வரி படுக்கையில் கிடந்தாள். அவனுடைய அகதி வழக்கு ஒன்பது வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. நடக்கவிருப்பது நடந்தால் அவனுக்குக் கிடைப்பது வீடியோ மட்டும்தான்.

பவதாரணி இரண்டு கிழமை சோதித்தாள். கையில் கனமாக இருந்தது. மலிவுச் சாமான் இப்படிக் கனக்காது என்று நினைத்தாள். மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் தட்டிவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாமத்தியவீட்டு வீடியோவை, முப்பத்தெட்டு ஜிபி, அதில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வந்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. சூடாகவில்லை. வேகம் சொன்னதில் பாதிதான், ஆனால் பழையதோடு பார்க்க எவ்வளவோ மேல்.

ஒரு சோதனையை மட்டும் விட்டுவிட்டாள். விளிம்புவரை நிரப்பி, கழற்றி, திரும்பக் கொழுவிப் பார்க்கவேண்டும் என்று யூடியூபில் ஒருவன் சொல்லியிருந்தான். நிரப்பவே இரண்டு நாள் பிடிக்கும். கழற்றிக் கொழுவுவதும் அந்த வீட்டில் லேசான வேலை இல்லை. உப்புக்காற்றில் மடிகணினியின் யூஎஸ்பி துவாரங்கள் துருப்பிடித்து ஒன்றுதான் மிச்சம். வயரை ஒரு பக்கம் சரித்துச் சொருகி செலோரேப் ஒட்டிவிட்டால் பிறகு ஒருவரும் அதில் கை வைப்பதில்லை. தீவில் கணினி வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். யாழ்ப்பாணம் போய்வந்த அன்று திரும்பச் சொருகவே அரை மணித்தியாலம் போயிருந்தது.

நல்ல சாமான், நம்பிப் பாவிக்கலாம் என்று நிசாந்தனுக்கு எழுதினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து இராசேஸ்வரி செத்தாள். போனில் நேரடியாகக் காட்டுவதாகத்தான் ஏற்பாடு. யாரோ ஒருவர் போனைச் சவப்பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். சனம் கூடக்கூட சிக்னல் விழுந்தது. உரலில் சுண்ணம் இடித்துப் பாடத் தொடங்கியபோது நிசாந்தனின் முகம் திரையில் உறைந்து நின்றது, பிறகு அதுவும் போயிற்று. வாய்க்கரிசி போட்டதையும், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்ததையும், மகனுக்குப் பதிலாகத் தங்கையின் பிள்ளையான பெறாமகன் கொள்ளிக்குடம் தூக்கியதையும் ஊர்காவற்றுறைக் கமராக்காரன் அன்ரனிதாஸ் எடுத்தான்.

அவனிடம் இருந்தவை இரண்டே இரண்டு கமரா கார்ட். மறுநாள் காரைநகரில் கலியாணம். அன்று பின்னேரமே இரண்டையும் வெறுமையாக்கவேண்டும். மடிகணினியில் இடமில்லை. பவதாரணி கார்ட்டுகளை மடிகணினியின் கார்ட் துவாரத்தில் போட்டு, இரண்டிலும் இருந்த அறுபது ஜிபியையும் நேராக டிஸ்க்குக்கு மாற்றினாள். மாற்றி முடிந்த கையோடு கடைசித் துண்டுகளில் ஒன்றைத் திறந்தாள். இராசேஸ்வரியின் முகம் வந்தது. உதட்டில் ஒட்டியிருந்த அரிசியை ஒரு கை துடைத்துவிட்டது. தெளிவாக ஓடியது.

"வந்திட்டுதோ அக்கா? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. பிறகு என்னை ஏசக்கூடாது" என்றான் அன்ரனிதாஸ்.

"ஓம், எல்லாம் இருக்கு. நீர் அழிச்சிட்டுப் போம்."

அந்தப் படம் ஓடியது கணினியின் தற்காலிக நினைவிலிருந்து. டிஸ்க்கிலிருந்து அல்ல. வயரைக் கழற்றிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கழற்றவில்லை.

மூன்றாம் நாள் மின்சாரம் போய், மடிகணினியும் அணைந்து, திரும்ப வந்தபிறகு திறந்தாள். எல்லாத் துண்டுகளின் பெயரும் இருந்தது, அளவும் இருந்தது. பத்தொன்பது ஓடின. இருபதாவது ஓடவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே ஓடவில்லை.

யாழ்ப்பாணத்தில் திருத்தும் கடை வைத்திருக்கும் கோபிசங்கர் கத்தியால் மூடியைக் கிளப்பினான். உள்ளே நகமளவு மெமரி கார்ட் ஒன்று, அறுபத்துநாலு ஜிபி. பக்கத்தில் கனத்துக்காக ஒட்டியிருந்த இரும்புத் துண்டு. சாமத்தியவீடு போக மிஞ்சிய இடத்தில் செத்தவீட்டின் காலைப்பொழுது மட்டும் அடங்கியிருந்தது.

"நிரம்பிட்டுது எண்டு இது சொல்லாது அக்கா. குடுக்கிற எல்லாத்தையும் வாங்கும், ஒண்டையும் வைச்சிருக்காது. அரசாங்கக் கந்தோரில மனுக் குடுத்த மாதிரித்தான்."

அவள் சிரிக்கவில்லை. அன்ரனிதாஸின் கார்ட்டுகளையும் கொண்டுவந்திருந்தாள். காரைநகர் மாப்பிள்ளையும் பொம்பிளையும் இரண்டிலும் விளிம்புவரை இருந்தார்கள். அடியில் இருந்த செத்தவீட்டை எடுக்க ஏலாது என்றான் கோபிசங்கர்.

வேலை நடக்கிறது என்று நாலு நாள் நிசாந்தனுக்குப் பொய் சொன்னாள். ஐந்தாம் நாள் உள்ளதைச் சொன்னாள்.

"நான் அனுப்பின டிஸ்க்கோ அக்கா?"

"ஓம். நல்லதெண்டு சொன்னது நான்."

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். இருப்பதை அனுப்பச் சொன்னான். பத்தொன்பது துண்டுகளையும் அனுப்பினாள். தகரப் பந்தல் போடுகிறார்கள், லான்ட்மாஸ்டர் உழவுயந்திரத்திலிருந்து கதிரை இறக்குகிறார்கள், மேளக்காரர் வருகிறார்கள், ஆட்கள் தேத்தண்ணி குடிக்கிறார்கள். உடலைக் குளிப்பாட்டி உடுத்தி முடிக்கும்வரை அன்ரனிதாஸ் கமராவை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. அது அவனுடைய மரியாதை.

மறுநாள் பின்னேரம் நிசாந்தன் போன் எடுத்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தான்.

"பதினேழாவதில, கதிரை இறக்கேக்க, யன்னலுக்குள்ளால வெள்ளையா ஒண்டு தெரியுது. அது அம்மாவோ?"

பவதாரணி அந்தத் துண்டைத் திறந்து, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தாள். ஓம் என்று சொல்லலாம். அவன் அந்த வீட்டை விட்டுப்போய் ஒன்பது வருடம், உள்ளே என்ன எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.

"இல்லைத் தம்பி" என்றாள். "அது பிரிட்ஜ்."

அவன் சரி என்றான். பதினெட்டாவதிலும் ஒருக்கால் பார்க்கச் சொன்னான். பார்த்தாள். அதிலும் இல்லை என்றாள்.