வாங்கு என்று சொல்லாத பதினேழு வருடம்

1

இந்தக் கதை அறுபத்தெட்டு கடித உறைகளிலிருந்து வந்தது. ஒன்றும் பிரிக்காதவை. வருடத்துக்கு நான்காக ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தது. பெட்டிக்குச் சொந்தக்காரர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். வெளிநாட்டில் இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார்.

(லிஃப்ட் மெக்கானிக் என்றதும் ஏற்றம், இறக்கம், பங்குச்சந்தை என்று ஓர் உவமை தானாக வந்து நின்றது. அடித்துவிட்டேன். தொழிலையே மாற்றிவிடலாமா என்றும் பார்த்தேன். மனுஷன் நிஜமாகவே லிஃப்ட் மெக்கானிக். என்ன செய்ய.)

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஓய்வு என்பது மனிதன் காலத்திடம் கேட்கும்—"

இதற்கு மேல் எழுதியிருந்தால் நானே படித்திருக்க மாட்டேன்.

இரண்டாவது: "அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தான் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார்." இது பரவாயில்லை. ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அவரிடம் இருபது வருடம் பொறுத்திருக்கிறேன்.

2

நாங்கள் இருக்கும் இடத்தில், வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் ஒரு பகுதியை ஓய்வுக்காலக் கணக்கில் போடலாம். அறுபது வயதுவரை தொடக்கூடாது, தொட்டால் அபராதம். அந்தப் பணத்தில் இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்க வேண்டும். எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று மூளையைக் கசக்காமல், சந்தையிலுள்ள பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் துளித்துளி வாங்கிப் போடும் ஏற்பாடு அது. வாங்கிவிட்டு மறந்துவிட வேண்டும்.

மறப்பதில் அத்தான் ஒரு மகான். யார் வீட்டு விருந்தானாலும் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "கணக்கத் திறந்து பாக்காத. பாத்தா பயம் வரும். பயம் வந்தா வித்துடுவ." நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அறுபது'. அவர் வந்தால் ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள். ஆனாலும் அவர் நச்சரித்ததால்தான் பலரும் சேமித்தார்கள். நானும்தான்.

செருப்புப் பெட்டியை விருந்தாளிகளுக்குத் திறந்து காட்டுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு விவரம் வரும் அந்த உறைகளை அல்ல, பெட்டியை மட்டும். கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று அவரே வயதுவாரியாகக் கணக்குப் போட்டு, ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற என் அக்கா, அந்தத் தாளைப் பார்த்துத்தான் தன் முழங்கால்களுக்கு நாள் குறித்திருந்தாள்.*

* நிற்கிற வேலையை விடு என்று டாக்டர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. இவருக்கு அறுபது ஆகட்டும் என்று அக்கா தவணை வாங்கியிருக்கிறாள்.

3

முதல் வரைவில் அத்தானை முட்டாளாக்கியிருந்தேன். எழுதவும் சுலபம், படிப்பவருக்கும் ஆறுதல். ஆனால் ஒரு மாதம்கூடத் தவறாமல் சேமித்தவரை எப்படி முட்டாள் என்பது? அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அடுத்த மாதம் அவருக்கு அறுபது. பணத்தை எப்படி எடுப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே கடைசி உறையையாவது பிரித்தாக வேண்டும். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை நீட்டி, நீயே வெட்டிப் படி என்றார்.

மொத்தத் தொகை, ஃப்ரிட்ஜில் இருந்ததில் பாதிகூட இல்லை. காரணம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ரொக்கமாக இருப்பது: நூறு சதவீதம். ஃபண்டில் இருப்பது: பூஜ்யம்.

அச்சுப்பிழை என்றார் அத்தான். போன் செய்தோம். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாக விளக்கினாள். பதினேழு வருடத்துக்கு முன் வேலை மாறியபோது அவர் பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றியிருக்கிறார். மாற்றும்போது ஃபண்டை விற்றுப் பணமாகத்தான் அனுப்புவார்கள். புதிய இடத்தில் மறுபடி 'வாங்கு' என்று நாம் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. அதன்பின் மாதாமாதம் போட்டதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. விலைவாசி அதை நிதானமாகத் தின்றிருக்கிறது.

இத்தனை வருடம் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று கேட்டார். எல்லா ஸ்டேட்மென்ட்டிலும் சொல்லியிருக்கிறோமே ஐயா என்றாள்.

செருப்புப் பெட்டியைப் பார்க்காமல் இருப்பதற்காக ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். அது இன்னும் மோசம்.

[இந்த இடத்தில் அவர் அழுததாக ஒரு பத்தி இருந்தது. அவர் அழவில்லை. டீ குடித்த டம்ளரைக் கழுவினார். கழுவிய டம்ளரை எடுத்து மறுபடி கழுவினார்.]

4

இந்தப் பகுதியைச் சேர்க்கலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

அவருக்கு மூன்று வருடம் கழித்து நானும் வேலை மாறினேன். கணக்கை எப்படி மாற்றுவது என்று அவர்தான் சொல்லித்தந்தார். அப்படியே செய்தேன். ஆனால் நான் சந்தேகப்பிராணி, முதல் உறையைப் பிரித்துவிட்டேன். நூறு சதவீதம் ரொக்கம். போன் செய்து வாங்கச் சொன்னேன். நான்கு நிமிட வேலை.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உறையைப் பிரித்தது தெரிந்துவிடும், விருந்துக்கு விருந்து என்னை ஓட்டுவார் என்று—

என்று என்ன? அவ்வளவுதான். பதினான்கு வருடம் கிண்டலுக்குப் பயந்திருக்கிறேன்.

5

முடிவு, முதல் வகை: என் கணக்கில் பாதியை அவர்களுக்குக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் மனைவி துடைத்துக்கொள்ள மாட்டாள். (தவிர, எனக்கு ஐம்பத்தொன்றுதான். இப்போது எடுத்தால் அபராதம். எவ்வளவு வசதியான சட்டம் பாருங்கள்.)

இரண்டாம் வகை: அத்தான் இன்றைக்கே ஃபண்ட் வாங்குகிறார், சந்தை எகிறுகிறது. இதை எழுத நான் விளம்பரக் கம்பெனியில் சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகை: தனக்கும் அறுபது ஆகும்வரை அக்கா இன்னும் ஏழு வருடம் நிற்கிறாள்.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிக்கு மேல் கை ஓடவில்லை. அவளுடைய ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கிறது, திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாள். இன்று சனிக்கிழமை.

"அக்காகிட்ட சொல்லுங்க அத்தான்" என்று தினமும் சொல்லிவிட்டேன். நேற்றுத்தான் வாயைத் திறந்தார்.

"நான் சொன்னா அவ என் மூஞ்சியப் பாப்பாடா. நீ எழுது. உன்னோடதுன்னா சிரிச்சுக்கிட்டே படிப்பா."

"நான் எழுதுறது கதை அத்தான்."

"அதத்தான் சொல்றேன். பாதி வரைக்குமாவது கதைன்னு நினைச்சுக்கட்டும்."

மற்ற வாசகர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். மன்னிக்கவும், உங்களுக்குக் கொடுக்க என்னிடம் முடிவு இல்லை.

அக்கா, நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிக்கிறவள் நீ. எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியாது. நான்காம் பகுதிக்கு என்னைத் திட்டு. அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். கடிதத்தைக் கொடுப்பதா கிழிப்பதா என்று நாங்கள் இரண்டு பேரும் உனக்குச் சொல்ல யோக்கியதை இல்லாதவர்கள்.

ஒன்று மட்டும். ஜன்னல் பக்கம் வந்து கீழே பார். அவர் காரில் உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தாள்களை உன்னிடம் நான் கொடுத்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார். நீ கூப்பிடாமல் மேலே வரமாட்டார்.