மீனா கேட்ட பர்கர்

எலும்பில்லாமல் கறி கேட்பது நல்லகாமனுக்கு இதுதான் முதல் தடவை. சமயநல்லூர்க் கறிக்கடையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த முகேஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே, பல்லெல்லாம் கொட்டிப்போச்சா? எலும்புக்குன்னே சண்டை போடுற ஆளு நீங்க."

"விருந்தாளிக்குடா. கோழித் தொடைக்கறியா எடுத்து எலும்பை உருவிட்டுக் குடு."

"அம்புட்டுப் பெரிய விருந்தாளி யாருண்ணே?"

நல்லகாமன் காசை எண்ணிக் கொடுத்தான். பொட்டலத்தை வாங்கித் தூக்குச்சட்டிப் பைக்குள் போட்டு, மேலே தலைத்துண்டைச் சுருட்டி வைத்து மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். தெருவில் ஒருவர் கண்ணிலும் அது படக்கூடாது. அன்றைக்கு அவன் வீட்டில் கன்னி கும்பிடுகிற நாள். கல்யாணம் காட்சி பார்க்காமல் செத்துப்போன பெண்ணைச் சாமியாக வீட்டுக்குள் அழைத்து வைக்கிற நாள். அந்தப் பெண் அவனுடைய ஒரே மகள் மீனா.

போன வருசம் மஞ்சக்காமாலை வந்து போய்விட்டாள். காலேஜில் கடைசி வருசம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் போனதிலிருந்து பித்துப் பிடித்தவளாய்த் திரிந்த அவன் பெண்டாட்டி கனகலட்சுமியை அவளுடைய அண்ணன் பேயாண்டிதான் கோடாங்கியிடம் கூட்டிப்போனான். உடுக்கை அடித்துக் குறி பார்த்த கோடாங்கி, பிள்ளை எங்கும் போகவில்லை, வாசலில்தான் நிற்கிறது, கன்னியாக உள்ளே வரக் கேட்கிறது என்று சொன்னான். அன்றைக்குத்தான் கனகலட்சுமி தலையை வாரிக் கொண்டை போட்டாள்.

ஆனால் கன்னி சுத்தமான சாமி. பொழுது சாய்ந்து அவளுக்கு விளக்கேற்றிவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்குள் எந்தக் காலத்திலும் கறி, மீன், முட்டை ஏறக்கூடாது. மீறினால் கோவித்துக்கொண்டு வெளியேறிவிடுவாள், மறுபடி கூப்பிட்டாலும் வரமாட்டாள். கறிச்சட்டிகளை எல்லாம் கனகலட்சுமி முன்னமே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். விடிந்ததும் விரதத்தோடு அண்ணனைக் கூட்டிக்கொண்டு அழகர்கோவிலுக்குத் தீர்த்தம் எடுக்கப் போயிருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாள். நல்லகாமனுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

சாகக் கிடந்தபோது மீனாவுக்குப் பத்தியம். கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாத கஞ்சியும். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்துக்கிடந்தவள், சாயங்காலம் கட்டட வேலைவிட்டு வந்த நல்லகாமனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஜெஸி வீட்டுல ஒரு நாள் கொரியன் பர்கர் செஞ்சோம்ப்பா. கோழியைப் பொரிச்சு, காரமும் இனிப்புமா ஒரு சாறுல முக்கி, பன்னுக்கு நடுவுல வைக்கிறது. அது ஒண்ணு கெடச்சா எந்திரிச்சு உக்காந்துருவேன்."

"மஞ்சள் எறங்கட்டும் தாயி. நானே செஞ்சு தாரேன்."

"நீயா? உனக்கு மம்பட்டி பிடிச்சுக் கலவை போடத்தான் தெரியும்" என்று சிரித்தாள். மஞ்சள் இறங்கவில்லை.

இந்தப் பேச்சை அவன் ஒரு தடவை கனகலட்சுமியிடம் எடுத்தான். கும்பிடுகிற அன்றைக்கு அதையும் ஒன்று செய்து வைக்கலாமா என்று கேட்டான். அவள் அவன் வாயைப் பொத்தாத குறைதான்.

"அவ இப்ப நம்ம பிள்ளை இல்லய்யா, சாமி. சாமி மொகத்துல கோழிக்கறியக் காட்டச் சொல்றியா? கோவிச்சுட்டுப் போயிட்டா நான் எங்க போயித் தேடுவேன்?"

அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தபிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜெஸிக்கு மட்டும் போன் போட்டான்.

ஜெஸி பழங்காநத்தத்துப் பிள்ளை. யேசுதாஸ் வாத்தியார் மகள். மீனாவும் அவளும் காலேஜில் ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருந்தாள். கட்டைப்பையில் பன், எள், கோஸ், சோளமாவு, மயோனைஸ், கறுப்பாய் ஒரு சோயா சாஸ் பாட்டில்.

"எங்கப்பாகிட்ட சொல்லிட்டுத்தாம்ப்பா வந்தேன். போயி செஞ்சு குடு, ஆனா படைச்சதை மட்டும் வாயில வச்சிறாதன்னு சொல்லி அனுப்புனாரு. எங்க வீட்டுல அது ஆகாது."

"தெரியும் தாயி. நீ வழி சொன்னாப் போதும்."

அடுப்படிக்குள் கறியைக் கொண்டுபோக அவனுக்கு மனசில்லை. கொல்லையில் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தான். வேலை நடக்கிற இடத்தில் வடை சுடுகிற இரும்புச் சட்டியை இரவல் வாங்கி வந்திருந்தான்.

"மொதல்ல கறியை மோர்ல ஊறப் போடணும்" என்றாள் ஜெஸி.

"மோர்லயா? கறியவா?"

"அப்பத்தான் மெத்துன்னு வரும். பெறகு மைதாவும் சோளமாவும் கலந்து பிரட்டணும். ஒருக்காப் பொரிச்சு எடுத்து, ஆற வச்சு, மறுக்காவும் பொரிக்கணும்."

"பூச்சு வேலை மாதிரி ரெண்டு கை அடிக்கணுமாக்கும்."

ஜெஸி சட்டென்று அவனைப் பார்த்தாள். "மீனாவும் இதையேதாம்ப்பா சொன்னா. எங்கப்பா பாத்தா இது பூச்சு வேலைம்பாருன்னு."

அவன் விறகைத் தள்ளிவிடுகிற சாக்கில் குனிந்துகொண்டான். புகையில்லாத அடுப்பை வெகுநேரம் ஊதினான்.

சாறுதான் பெரிய வேலை. கொரியாக்காரர்கள் மிளகாயை அரைத்துப் புளிக்கவைத்த ஒரு விழுது வைத்திருக்கிறார்களாம். அது அகப்படாமல் மீனாவே ஒரு வழி கண்டுபிடித்தாளாம். ஊறவைத்த வற்றலையும் பூண்டையும் அரைத்து, அதோடு ஒரு கரண்டி புளித்த தோசைமாவு, ஒரு கை நாட்டுச்சர்க்கரை. நல்லகாமன் அம்மியில் அரைத்துக் கொடுத்தான். செங்கல் பொடியைக் குழைத்தது போல வழுவழுவென்று வந்தது. ஜெஸி அதைச் சட்டியில் வதக்கி, கறுப்புப் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினாள். கொதிக்க ஆரம்பித்ததும் பழக்கதோசத்தில் விரலில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அய்யய்யோ! நாக்குல வைக்காத தாயி!"

பிள்ளை வெலவெலத்துப் போய்விட்டது.

"அவளுக்கு வைக்கப்போறதும்மா. அதுக்கு முந்தி யாரும் ருசி பாத்தா எச்சிலாயிரும்."

"பாக்காம உப்பு ஒரைப்பு எப்பிடிப்பா தெரியும்?"

"மோந்து பாத்துக்க. படையலுக்கு அப்பிடித்தான்."

ஜெஸி விரலைக் கழுவினாள். "வைக்கிறதுக்கு முந்தி நீங்க விட மாட்டீங்க. வச்சதுக்குப் பெறகு நான் தின்ன மாட்டேன். இந்த ருசி தெரிஞ்ச ஆளு இப்ப நான் ஒருத்திதாம்ப்பா இருக்கேன்."

அவன் அம்மிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான்.

கோஸை நறுக்கி எடுத்துவர ஜெஸி உள்ளே போனாள். நல்லகாமன் சட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளை மொத்தச் சமையலிலும் உப்பு என்று ஒரு கல்கூடப் போடவில்லையே. சின்னப் பிள்ளை, மறந்துவிட்டது. அந்தக் கறுப்புத் தண்ணீரே உப்புதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மீனா கடைசியாகக் குடித்த கஞ்சி ஞாபகத்துக்கு வந்தது. முகத்தைச் சுளித்து, கொஞ்சூண்டு உப்புப் போடுப்பா, அம்மாவுக்குத் தெரியாமப் போடு என்று கேட்டாள். அவன் போடவில்லை. அம்மியடியில் இருந்த உப்பு ஜாடியில் கையை விட்டு ஒரு பிடி கல்லுப்பை அள்ளினான். சாற்றில் பாதி, கறி ஊறுகிற மோரில் மீதி என்று போட்டுக் கலக்கினான். இந்தத் தடவையாவது பிள்ளை உப்போடு தின்னட்டும்.

கறி இரண்டாம் தடவை பொரிந்தபோது மொறுமொறுவென்று சத்தம் வந்தது. சிவந்த சாற்றில் முக்கி எடுத்து, எள்ளைத் தூவி, வெண்ணெயில் வாட்டிய பன்னுக்கு நடுவில் கோஸோடு வைத்தாள் ஜெஸி. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அவள் போனில் இருந்த பழைய போட்டோவைக் காட்டினாள். மீனா இதே மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள்.

"அச்சு அசலா அப்பிடியே வந்திருக்குப்பா."

மகள் படத்துக்கு முன்னால் இலையைப் போட்டு அதை வைத்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "இந்தா மீனா" என்றான். "அப்பா செஞ்சுட்டேன்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

கனகலட்சுமி தீர்த்தக் குடத்தோடு படியேறினாள். ஒரு காலை உள்ளே வைத்தவள், மூக்கில் வாடை ஏறியதும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை இலைக்குப் போனது. அங்கிருந்து ஜெஸிக்கு, ஜெஸியிடமிருந்து புருசனுக்கு. பிறகு திரும்பி, பின்னால் வந்த பேயாண்டியை வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, நீ போயிப் பூ வாங்கிட்டு வந்துரு."

"என்னத்தா, தாய்மாமன வாசல்லயே நிப்பாட்டுற?"

"வீடு கழுவணும்ணே."

"எனக்கென்னமோ கறி வாடை தூக்குதே."

"ஞாயித்துக்கெழமையில எந்த வீட்டுல அடிக்காது? போயிட்டு வாண்ணே."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குடத்தை மூலையில் இறக்கினாள். சத்தம் போடுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நல்லகாமன் காத்திருந்தான். அவள் இலைக்கு முன்னால் குந்தவைத்து உட்கார்ந்தாள்.

"இதையா கேட்டா?"

"ஆமா. செஞ்சு தாரேன்னு சொல்லிருந்தேன்."

"எங்கிட்டதான்யா மொதல்ல கேட்டா. பத்தியத்துல கெடக்கையில நாக்கு கேக்குதாடி, செருப்பால அடிப்பேன்னு சொன்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். "வச்சதைக் குப்பையில போடக்கூடாது. நான் விரதம். அந்தப் பிள்ளை தின்னாது. நீயே தின்னு முடிச்சிரு. ஒரு துணுக்கு மிஞ்சக்கூடாது. நான் கழுவி விடுறேன்."

நல்லகாமன் கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சுவரோரமாக உட்கார்ந்து ஒரு கடி கடித்தான். மொறுமொறுப்பு உடைந்தது. அடுத்த கணம் நாக்குச் சுருண்டது. உப்பு. கடல்தண்ணீரை மொண்டு குடித்தது போல உப்பு. இனிப்பும் தெரியவில்லை, காரமும் தெரியவில்லை.

ஜெஸி எதிரில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பிடிப்பா இருக்கு? உப்பு சரியா இருக்கா?"

அவன் மென்றதை விழுங்கினான். "எல்லாம் சரியா இருக்கு தாயி. ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

"அவளுக்குப் பிடிச்சிருக்கும்ல?"

"பிடிக்காமப் போகுமா."

அந்தப் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதது. அவன் மறு கடி கடித்தான். கண்ணில் தண்ணீர் வடிந்தது. உறைப்புப் போல என்று நினைத்து ஜெஸி சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். குடித்தான். மறுபடி கடித்தான், மறுபடி குடித்தான். கடைசித் துணுக்குவரை தின்று, விரலில் ஒட்டிய எள்ளையும் நக்கினான். மகளுக்கென்று அவன் வைத்த ஒரே ஒரு சோறு, வாயில் வைக்க விளங்காமல் போயிற்று. ருசி பார்க்க அந்தப் பிள்ளையை விட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

கனகலட்சுமி மஞ்சள் தண்ணீர் விட்டு வீட்டைக் கழுவினாள். அவன் செங்கல்லைக் கலைத்து, சாம்பலை அள்ளி, இரும்புச் சட்டியை இரவல் கொடுத்த இடத்தில் சேர்த்தான். பஸ் ஏறப்போன ஜெஸியின் தலையைத் தடவி, "இருட்டுறதுக்குள்ள போயிச் சேரு ஆத்தா" என்று கனகலட்சுமி அனுப்பிவைத்தாள். ஒரு சொல் திட்டவில்லை.

பொழுது சாய்ந்ததும் பேயாண்டி தாய்மாமன் சீராகப் பாவாடை தாவணியும் கண்ணாடி வளையலும் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் பரப்பினான். பச்சரிசியில் வெல்லம் சேர்த்து இடித்த மாவு, அவித்த பாசிப்பயறு, தேங்காய், பழம் எல்லாம் இலையில் ஏறின. சொந்தக்காரர்கள் கூடி விளக்கை ஏற்றினார்கள்.

"மாப்ள, பெத்தவன் வாயால கூப்புடணும். கன்னித்தாயே உள்ள வான்னு மூணு தரம் கூப்புடுங்க."

நல்லகாமன் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுத்தான் வந்தது.

"சரி விடுங்க" என்று பேயாண்டியே கூப்பிட்டான். கனகலட்சுமி முந்தானையை ஏந்தி, வாசலைப் பார்த்தபடி நின்றாள். யாரோ நுழைவதற்கு வழிவிடுவது போல ஒரு ஓரமாக ஒதுங்கினாள்.

சொந்தக்காரர்கள் மாவை வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு இரண்டு பேரும் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"உப்புக் கூடிப்போச்சாய்யா?" என்று கேட்டாள் கனகலட்சுமி.

"யாரு சொன்னா?"

"பானையில பாதித் தண்ணியக் காணோம்."

மறைக்க அவனுக்குத் தெம்பு இல்லை. "கடேசியில உப்பில்லாமயே போனாளேன்னு நான்தான் அள்ளிப் போட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது."

"கரிச்சா அவ தொட மாட்டாளேய்யா."

"தொட மாட்டா."

"தட்டத் தள்ளி விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவா. சோத்துல கை கழுவுற கழுத."

அவன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான்.

"மறுக்கா ஒழுங்காச் செஞ்சு வைப்போம்னாலும் இனி இந்த வீட்டுல முடியாது" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அது அவளுக்கே புரிந்தது போல இருந்தது. விளக்கையும், புதுப் பாவாடையையும், அதற்குப் பின்னால் இருந்த படத்தையும் பார்த்தாள்.

"தள்ளி விட்டுட்டுப் போகவாவது இருந்து தொலைச்சிருக்கலாம்ல, சிறுக்கி மக."

சாமிக்கு முன்னால் சொல்லிவிட்ட சொல்லை அவள் திருப்பி எடுக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. சுவரில் தலையைச் சாய்த்து, மகள் செத்த வீட்டில் அழுகிற அழுகையை அழுதாள். நல்லகாமன் எழுந்துபோய், மகள் வரட்டுமென்று திறந்தே கிடந்த வாசல் கதவைச் சாத்தினான்.