‘அசல்’ என்றொரு ஸ்டிக்கர்

வெல்டாவின் இரண்டு கையிலும் கேக் தட்டு இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ப்ராடி அவள் கோட்டின் மேல் ஸ்டிக்கரை ஒட்டினான். பச்சை வட்டம், நடுவில் ‘அசல் ரிபப்ளிகன்’ என்று வெள்ளை எழுத்து.

“என்னதிது?” என்றாள்.

“கட்சி உறுதிமொழியில கையெழுத்துப் போட்டவங்களுக்கு மட்டும்தான் மேடம். கார்த் உங்களுக்கும் சேர்த்துப் போட்டுட்டாரு. முன்வரிசையில சீட் இருக்கு.”

அவள் புருஷன் கார்த் அதற்குள் கூட்டத்துக்குள் நுழைந்திருந்தான். கை நிறைய கேக் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பிய்த்து எறிந்திருப்பாள்.

இருபது வயதில் முதல் ஓட்டு போட்டதிலிருந்து கட்சி மாறாதவள் வெல்டா. இந்த ப்ராடி நான்கு வருஷத்துக்கு முன்னால் கலிபோர்னியாவில் வீட்டை விற்றுவிட்டு ஐடஹோவுக்கு வந்தவன். பனிக்காலத்தில் எந்த மலைப்பாதையை மூடுவார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் யார் அசல், யார் போலி என்று மட்டும் தெரியும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. இப்போது கவுண்டி எனப்படும் அந்த மாவட்டத்தின் கட்சித் தலைவரும் அவனே, அடுத்த வாரத் தேர்தலில் கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர் பதவிக்கு நிற்பவனும் அவனே, வாசலில் நின்று ஸ்டிக்கர் ஒட்டுபவனும் அவனே.

அவன் எதிர்த்து நிற்பது வெல்டாவின் தம்பி ஓரினை. இந்தப் பக்கம் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடும் ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. மே மாதம் சொந்தக் கட்சிக்குள் நடக்கும் உட்கட்சித் தேர்தலில் யார் ஜெயிக்கிறானோ அவன்தான் கமிஷனர். அடித்துக்கொள்ள வெளியாள் இல்லாவிட்டால் அண்ணன் தம்பிதானே அடித்துக்கொள்ள வேண்டும்?

இப்போது கமிஷனராக இருக்கும் ஓரின் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. இரண்டாவது ஆம்புலன்ஸ் வாங்க வரி போடச் சம்மதித்தான். உடனே ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் அவன் படம் போட்ட நோட்டீஸ் வந்து விழுந்தது. ‘பேருக்கு மட்டும் ரிபப்ளிகன்.’ பன்றி வளர்த்து, சர்ச்சில் மணியடித்து, கட்சிக்காக ஊர் ஊராகக் கதவு தட்டியவனுக்கு இந்தப் பட்டம்.

கட்சி வருஷா வருஷம் நடத்தும் இந்த லிங்கன் விருந்தில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் முடிந்ததும் கேக் ஏலம். வேட்பாளர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு கேக் கொண்டு வர வேண்டும். ஒருவன் கேக்கை அவன் எதிராளியே ஏலத்தில் எடுப்பான். எத்தனை திட்டிக்கொண்டாலும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம் என்பதற்கு அது அடையாளம். ஓரினின் மனைவி இறந்த பிறகு அவனுக்காக வெல்டாதான் சுடுவாள். மலையில் தானே பறித்த ஹக்கிள்பெர்ரிப் பழம் போட்ட கேக். அதற்குப் போன வருஷம் இரண்டு பேர் சண்டையே போட்டார்கள்.

கேக்கை மேடையில் வைத்துவிட்டு, ஸ்டிக்கரைப் பிய்ப்பதற்கு முன் கார்த்தைக் கேட்டுவிடலாம் என்று முன்வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஓரினுக்குக் கடைசி மேஜை, சமையலறைக் கதவை ஒட்டி. ஸ்டிக்கர் இல்லாதவர்கள் ஐந்தாறு பேர் அங்கே கிடந்தார்கள்.

“என் பேர்ல கையெழுத்துப் போட உனக்கு யார் சொன்னது?”

“ஒரே வீடுதானே வெல்டா. கத்தாதே.”

மெர்ல் ஏலத்தை ஆரம்பித்தார். வாரம் முழுக்க மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவர், நாக்கு நிற்காது. முதலில் ப்ராடியின் கேக். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது, விலைச் சீட்டைக்கூடச் சரியாகக் கிழிக்கவில்லை. கடைசி மேஜையிலிருந்து ஓரின் ஏலம் கேட்கும் எண் அட்டையைத் தூக்கினான். வழக்கம் வழக்கம்தான் என்று நல்ல விலைக்கே எடுத்தான்.

அடுத்தது ஓரினுடையது.

“வெல்டா கைப்பக்குவம், சொல்லவே வேண்டாம். அம்பது டாலர்! அம்பது, அம்பது, யாரு அம்பது?”

ஒரு அட்டைகூட எழவில்லை. ப்ராடி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

“சரி, இருபது. இருபதுய்யா... பத்து?”

மெர்லின் நாக்கே நின்றுவிட்டது. ஏலம் போகாமல் ஒரு கேக் அந்த மண்டபத்தில் இதுவரை கிடந்ததில்லை. வெல்டாவுக்கு இது வெறும் கேக் விஷயம் இல்லை. சொந்த அக்கா வீட்டுக்காரனே கை தூக்கவில்லை என்று நாளை ஊர் முழுக்கப் பேச்சாகும். அதோடு ஓரின் கதை முடிந்தது.

“கார்த், அட்டையைத் தூக்கு.”

“இப்ப வேண்டாம். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கறாங்கன்னுதான் தூக்கச் சொல்றேன்.”

“எனக்கு வைக்கோல் விக்கணும் வெல்டா. வாங்கறவன் பூரா ப்ராடி ஆளு.”

அவள் எழுந்துவிட்டாள். மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில்தான் பேசினாள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி வயல்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தியே, ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருக்குன்னாங்களே, ஞாபகம் இருக்கா? அது வர்ற வரைக்கும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு மண்ணுல உக்காந்திருந்தது யாரு, ஓரின்தானே? ‘விட்றாத மச்சான், விட்றாத’ன்னு கெஞ்சினியே, அந்தக் கைதானே இது? இதை இன்னைக்குத் தூக்க முடியலையா?”

கார்த் எண் அட்டையை மடியில் திருப்பிப் போட்டான்.

“மேடம், குடும்ப விஷயத்தை வீட்ல வச்சுக்கலாமே,” என்றான் ப்ராடி.

“என் கையெழுத்தை என் புருஷன்கிட்ட வாங்கினப்ப எங்கடா போச்சு அந்தக் குடும்ப விஷயம்? நாளைக்கு உனக்கு நெஞ்சு வலிச்சா என்ன பண்ணுவே? இந்த ஸ்டிக்கரை அரைச்சுக் குடிப்பியா?”

கோட்டிலிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்தாள். கார்த்தின் சட்டையில் அவனுடையதற்குப் பக்கத்தில் ஓங்கி ஒட்டினாள்.

“இந்தா. உனக்கு ரெண்டு பங்கு அசல்.”

நேராக மேடை ஏறிக் கேக்கைத் தூக்கினாள். அப்போதுதான் பின்னாலிருந்து கார்த்தின் குரல் கேட்டது.

“நூறு டாலர்.”

மெர்லுக்கு உயிர் வந்தது. “நூறு! நூறு, நூறு, ஒரு தரம்...”

“விக்கிறதா இல்ல, மெர்ல்.”

“ஏலத்துக்கு வந்த பொருள், வெல்டா...”

“வந்தப்ப கேக்க நாதியில்லையே. நிறுத்து.”

தட்டோடு மண்டபத்தின் நடுவே நடந்தாள். ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓரின் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. காட்டிக்கொள்ளாமல் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டான்.

“சர்க்கரை கம்மிக்கா.”

“பேசாம தின்னுடா.”

அந்த மேஜையில் இருந்த எல்லாருக்கும் வெட்டி வைத்தாள். முன்வரிசையில் கார்த் தூக்கிய அட்டையை இன்னும் இறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். வண்டிச் சாவி அவள் கோட்டுப் பையில் இருந்தது. வீடு பதினெட்டு மைல் தூரம். ப்ராடி அவனைக் கொண்டுபோய் விடட்டும்.